உட்காரும் வாக்கர் வாங்கும் முன்: இருக்கையை அல்ல, பிரேக்கைப் பாருங்கள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். முழங்கால் தேய்மானம், முதுகுத்தண்டுப் பிரச்சினை, பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள் என்று முழுக்க வயதானவர்களோடுதான் என் பொழுது. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: “அம்மாவுக்கு உட்கார்ற மாதிரி வாக்கர் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது மேடம்?” சென்னையில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் போனில் படம் அனுப்புவார்கள். படத்தை மட்டும் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. அந்த அம்மா எப்படி நடக்கிறார், வாசலில் எத்தனை படி, விரலில் பிரேக் பிடிக்கிற தெம்பு இருக்கிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதையெல்லாம் நீங்களே பார்த்து முடிவெடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த இருக்கைக்கு ஏன் இவ்வளவு தேவை வந்தது? நம் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. முழங்கால் வலிக்கிற பாட்டி கோயிலுக்குக் கிளம்பினால் நாலு வீடு தாண்டி ஒரு திண்ணையில் உட்காருவார், ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், மறுபடி நடப்பார். இப்போது திண்ணையை எடுத்துவிட்டு கிரில் கேட் போட்டுவிட்டோம். வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் உட்கார ஓர் இடம் கிடையாது. நடக்கவே முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களைவிட, பாதி வழியில் கால் ஓய்ந்துபோனால் என்ன பண்ணுவது என்ற பயத்தில் வீட்டோடு இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கோயிலுக்குள் போன பிறகும் இதே கதைதான். திருவாரூரைப் பற்றி, கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர், அப்படியென்றால் கோயில் மட்டும் 33 ஏக்கர் கணக்கு வருகிறது. மூட்டு தேய்ந்தவர் அந்தப் பிராகாரத்தைச் சுற்ற வேண்டுமானால் இருக்கையும் கூடவே வந்தால்தான் உண்டு. அதனால் இதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். சரியானதாக அமைந்தால், நின்றுபோன நடை திரும்ப வரும்.

கடையில் உட்காரும் வாக்கர் என்று கேட்டால் மூன்று விதமான சாமான்களை எடுத்துக் காட்டுவார்கள். மூன்றும் மூன்று வேறு ஆட்களுக்கானவை.

ஒன்று, உட்காரும் கைத்தடி. மடக்கினால் தடி, விரித்தால் மூன்று கால் முக்காலி. விலையும் குறைவு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். நன்றாக நடப்பவர், ஆனால் ரேஷன் கடை வரிசையிலோ தேரோட்டத்திலோ ரொம்ப நேரம் நிற்க முடியாதவர் என்றால் அவருக்கு இது போதும். தள்ளாடுகிறவருக்குக் கூடாது. விரித்துவிட்டால் அது தடியாக இருக்காது. விரிக்கவும் மடக்கவும் இரண்டு கையும் வேண்டும். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான மாடல்களில் கைப்பிடியைப் பார்த்தபடி, தடிக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். வேட்டி கட்டியவர் எப்படியோ சமாளித்துவிடுவார், புடவை கட்டிய அம்மாவுக்கு அது சங்கடம். பக்கவாட்டில் உட்காரப் பார்ப்பார், முக்காலி சாயும். ஈரக் களிமண்ணில் விரித்து உட்கார்ந்தால் கால்கள் சமமாக இறங்காது, அதிலும் சாயும்.

இரண்டாவது, நாலு கால் வாக்கரிலேயே பலகை வைத்தது. சிலவற்றில் அந்தப் பலகைக்குப் பதில் கமோடு இருக்கும். இது வீட்டுக்குள் புழங்குவதற்கு. கட்டிலில் இருந்து கூடத்துக்கு, கூடத்தில் இருந்து கொல்லைப்பக்கக் கழிவறைக்கு. கையை நன்றாக ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கி நடப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆபரேஷன் ஆன புதிதில் மருத்துவர் பெரும்பாலும் சொல்வதும் வாக்கர்தான். அதை நீங்களாக மாற்றிச் சக்கரம் வைத்ததாக வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் ரோலேட்டர். நாலு சக்கரம், இரண்டு கையிலும் பிரேக், நடுவில் இருக்கை. சிறுவயதில் போலியோ என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஐனா விஃபால்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்ணுக்கு 21 வயதில் அது வந்தது. தான் நடக்கப் பட்ட சிரமத்தில் இருந்து 1978ஆம் ஆண்டு அவர் உருவாக்கியதுதான் இன்றைய ரோலேட்டர். நல்ல நடைபாதை உள்ள நாட்டில் பிறந்த சாதனம் இது. ஆடுதுறைத் தெருவுக்கும் வலங்கைமான் சாலைக்கும் அதைக் கொண்டுவரும்போது நாம்தான் யோசித்து எடுக்க வேண்டும்.

ரோலேட்டர் யாருக்குப் பொருந்தும் என்பதை நான் இப்படிப் பிரிப்பேன். நடந்தால் கால் மரத்து வலித்து, குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் குறைகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுத்தண்டின் கால்வாய் சுருங்கியவர்கள். அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் லேசாக முன்சாய்ந்து நடக்கவும் இடையிடையே உட்காரவும் இரண்டுக்கும் இதில் வழி உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோயில் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் அப்படித்தான். கையை ஊன்றிக்கொண்டு நடந்தால் மூச்சு இரைப்பு குறையும், தூரமும் கூடும். மூட்டு தேய்ந்திருந்தும் நிதானம் தவறாதவர்களுக்கும் நல்லது.

யாருக்குக் கூடாது? பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் ஒரு பக்க பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும். ஒரே கையில் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கிற மாடல்கள் இருக்கின்றன, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கு நடை திடீரென்று வேகமெடுக்கும், அப்போது சக்கரம் ஓடிப்போகும். அதற்கென்றே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை உண்டு. மருத்துவரையோ பிசியோவையோ கேட்காமல் சாதாரண ரோலேட்டரைக் கொடுக்காதீர்கள். மறதி நோய் முற்றியவர்கள் பிரேக்கைப் பூட்டாமல் உட்கார்ந்துவிடுவார்கள். கையில் முழு பாரம் போட்டு நடப்பவருக்கும் வேண்டாம். ரோலேட்டர் நம்மோடு கூட வரும், நம்மைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்காது.

இனி அளவு. ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நாலு அளவு எடுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கைப்பிடி உயரம்: நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் மடிப்பு விழும் கோடு தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதுதான் கைப்பிடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும், 15 முதல் 30 டிகிரி வரை. செருப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் வீட்டில் வெறுங்காலில், தெருவில் செருப்போடு, கோயிலில் மறுபடி வெறுங்காலில் நடப்பவர்கள். எங்கே அதிகம் புழங்குகிறாரோ அப்படி நிற்கவைத்து அளக்க வேண்டும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொண்டு வலிக்கும். குறைந்தால் கூன் போடுவார்.

இருக்கை உயரம்: நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பில் இருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். நம் பாட்டிகள் பலருக்கு 40 செ.மீ. பக்கம்தான் வரும். கடையில் உள்ள பல மாடல்களில் இருக்கை 50 செ.மீ.க்கும் மேலே இருக்கும். அதில் உட்கார்ந்தால் கால் தொங்கும். தொங்குகிற காலோடு இறங்கும்போதுதான் வழுக்கும். அளவைவிட இரண்டு மூன்று விரற்கடை உயரமாக இருந்தால் எழுந்திருக்க லேசு, அது பரவாயில்லை. பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், அதுதான் கணக்கு. சின்ன அளவு மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் கைப்பிடியை இறக்கிக் காட்டிவிட்டு “சரியாயிடுச்சு பாருங்க” என்பார். கைப்பிடி இறங்கினாலும் இருக்கை பெரும்பாலும் இறங்காது.

அகலம்: ரோலேட்டரின் அகலம் பெரும்பாலும் 60 செ.மீ. பக்கம் வரும். நம் வீட்டுக் கழிவறைக் கதவு பல இடங்களில் இரண்டு, இரண்டேகால் அடிதான். கதவைத் திறந்தால் கிடைக்கிற இடைவெளியை அளக்க வேண்டும், நிலையின் அகலத்தை அல்ல. குளியலறைக்குள் எப்படியும் இதைக் கொண்டுபோகக் கூடாது. ஈரத் தரையில் சக்கரம் நிற்காது. அங்கே சுவரில் பிடிமானக் கம்பி அடித்துவிடுங்கள்.

நிலைப்படி: இதுதான் நம் ஊர் வீடுகளின் பெரிய தடை. பழைய வீடு என்றால் ரேழியில் ஒரு நிலைப்படி, கூடத்துக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வண்டியைத் தூக்கி வைக்க வேண்டும். அலுமினியம் என்றால் 6 முதல் 8 கிலோ, இரும்பு இன்னும் கூடும். மூட்டு வலிக்கிறவர் அதைத் தூக்குவதற்காகக் குனிந்தால் நிலை தடுமாறிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் உள்ளே புழங்க சாதாரண வாக்கர், ரோலேட்டர் வாசலில், என்று இரண்டாகப் பிரித்துவிடச் சொல்வேன். உயரம் குறைந்த நிலைப்படிக்குச் சாய்வுப் பலகையோ சிமென்ட் சரிவோ போட்டுக்கொடுத்தால் உள்ளேயும் ஓட்டலாம். வாசல் படிக்கட்டில் மட்டும் வண்டியோடு இறங்கவே கூடாது. வண்டியை வேறொருவர் இறக்கட்டும். பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கட்டும்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். எல்லோரும் இருக்கையின் மெத்தையை அமுக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்கு அது கடைசி. பிரேக்தான் முதலில்.

சாதாரணமாக வருவது சைக்கிள் பிரேக் போலக் கேபிள் வைத்தது. மேலே இழுத்தால் வேகம் குறையும், கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கடையில் பெரியவரின் கையையே வைத்து நாலைந்து முறை இழுக்கவும் பூட்டவும் விடவும் சொல்லுங்கள். நீங்கள் செய்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. விரல் மூட்டு வீங்கியவர்களுக்குக் கீழே அழுத்திப் பூட்டுவது முடியும், மேலே இழுத்து விடுவிப்பது முடியாமல் போகும். அவர்களுக்கு, உடம்புப் பாரத்தைக் கொடுத்தாலே சக்கரம் நின்றுவிடுகிற அழுத்த பிரேக் வகை இருக்கிறது. அதை விசாரியுங்கள்.

உட்காரும் முறையைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் எனக்கு நேரம் பிடிக்கும். ஆடுதுறைப் பக்கம் ஒரு அப்பாயி, எண்பது வயதை நெருங்குகிறவர். பேரன் வாங்கி அனுப்பிய ரோலேட்டரை வாசலில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டச் சொல்லிக் காட்டினேன். பூட்டினார். உட்காரவில்லை, அப்படியே நின்றார்.

“ஏன் அப்பாயி, உட்காருங்க.”

“பூட்டிக்கிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா? டக்குனு சத்தம் வரும்ங்கிறீங்க, எனக்குக் காதுதான் கேக்காதே.”

சரியான கேள்வி. கைப்பிடியைப் பிடித்தபடி வண்டியை முன்னால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கச் சொன்னேன். நகரவில்லை. பின்னால் ஒரு இழுப்பு. நகரவில்லை. “இப்ப உட்காரலாம்” என்று அவரே சொல்லிக்கொண்டு திரும்பினார். அப்போதிருந்து காது கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். வண்டியைச் சுவரோரமாகவோ தூணோரமாகவோ கொண்டுபோய் நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள். தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் பிடித்தபடி மெதுவாகத் திரும்புங்கள். முழங்காலின் பின்பக்கம் இருக்கையில் தட்டுகிறதா? இரண்டு கையிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எழுந்திருக்கும்போதும் நின்று நிதானம் வந்த பிறகே பிரேக்கை விட வேண்டும். பின்னால் இருக்கிற பட்டை முதுகுக்கு ஒரு அணைப்பு, அவ்வளவுதான். ஈசிசேர் மாதிரி சாய்ந்தால் வண்டியோடு பின்னால் போய்விடுவார்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவரை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அதில் கால் வைக்க இடம் கிடையாது, பாதம் தரையில் இழுபடும். சின்னக் கல்லில் முன்சக்கரம் தட்டினால் வண்டி கவிழும். தள்ளிப் போகத்தான் வேண்டும் என்றால் வீல் சேர் வாங்குங்கள், அல்லது கால் பலகையோடு இரண்டுக்கும் பயன்படுகிற வகையை விசாரித்து வாங்குங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சக்கரம் பெரிதாக இருக்கட்டும். 6 அங்குலச் சக்கரம் டைல்ஸ் தரைக்குச் சரி. தெருவுக்கு 8 அங்குலமாவது வேண்டும், 10 என்றால் இன்னும் நல்லது. பேவர் பிளாக் இடுக்கு, சாக்கடை மூடியின் விளிம்பு, ஜல்லி இதிலெல்லாம் சின்னச் சக்கரம் குத்திக்கொண்டு நிற்கும். வண்டி நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். நம் பக்கத்துக்கே உரிய மூன்று விஷயங்கள் உண்டு. அறுவடை காலத்தில் ரோட்டில் நெல் காயும். நெல் மணி மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும், வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்ளும். சுற்றிப் போக இடம் இல்லையென்றால் அந்த நாட்களில் வேறு தெருவில் நடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வண்டல் களிமண் சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் கவைக்கும் நடுவில் போய் அடைத்துக்கொள்ளும், பிரேக் கட்டையும் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும். அப்புறம், காலையில் வாசல் தெளித்த ஈரம். கோலம் காய்கிறவரை பெரியவரை இறங்கவிடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்புக் குழாய் வாங்கவே வேண்டாம், உப்புக் காற்றில் திருகெல்லாம் துருப்பிடித்து இறுகிவிடும். அலுமினியம்தான்.

புடவைக் கொசுவம் தரையைத் தொட்டால் பின்சக்கரத்தில் சிக்கும். கணுக்கால் தெரிய கட்டச் சொல்லுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளட்டும். பூஜைக் கூடையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சாமான்கள் இருக்கைக்குக் கீழே உள்ள பையில் போகட்டும். நடக்கும்போது வண்டியை முன்னால் ஓடவிட்டு எட்டிப் பிடிக்கக் கூடாது, இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் நம் கால் இருக்க வேண்டும்.

கோயிலுக்குள் சக்கரத்தோடு விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் வேறு. கிளம்புவதற்கு முன் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சக்கரத்தைத் துடைக்க ஒரு துணி எடுத்துப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுவாமிமலையின் 60 படிக்கெல்லாம் இது உதவாது.

வாங்கும் வசதி இல்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. 60 வயது ஆனவர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் இல்லாதவர் என்றால், முகாமில் பரிசோதித்து உபகரணங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். உட்காரும் கைத்தடியும் ரோலேட்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. அடுத்த முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567, இலவச அழைப்பு, அங்கும் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் இருந்தால், வாங்குவதற்கு முன்பே அவரிடம் உயரத்தை அளந்து தரச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு, வாரம் ஒருமுறை பிரேக்கைப் பூட்டித் தள்ளிப் பாருங்கள். சக்கரம் கொஞ்சமாவது சுற்றினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் முனையில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை வெளிப்பக்கமாகத் திருப்பினால் இறுகும். தெரியவில்லை என்றால் கம்பெனி ஆளைத் தேட வேண்டாம், தெருமுனை சைக்கிள் கடையில் நிறுத்துங்கள். அவருக்கு இது பழகின வேலை. கைப்பிடி உயரத்தை வைத்த பித்தான் இரண்டு பக்கமும் ஒரே துளையில்தான் வெளியே வந்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்புவதாக இருந்தால் கூடவே ஒரு ஜோடி பிரேக் கேபிளும் ஒரு சக்கரமும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு உதிரி சாமான் இங்கே கிடைக்காது.